ஆடி கழியட்டும், கல்யாணம் முடியட்டும்

நான் இருபது வருடமாக விசில் ஊதிச் சம்பாதிக்கிறவள். சரவணம்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். ஓட முடியாத, குந்தி உட்கார முடியாத பி.டி. டீச்சரை ஒரு பள்ளிக்கூடம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்ற கேள்வியோடு ஆறு மாதத்தை ஓட்டினேன். அந்த ஆறு மாதமும் நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே காரியம்தான். என் காலை உடைத்த காரின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட வேண்டும். அதை எப்போது போடுவது என்று என்னைத் தவிர எல்லாரும் முடிவு செய்தார்கள். செய்ய விட்டவள் நான். அதனால் இன்றைக்கும் கோபத்தில் பாதி என்மேலேயே.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை ஆறே கால் இருக்கும். மார்ச் கடைசி. கபடி டீம் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிடுவார்களே என்று ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். சத்தி ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் நின்றிருந்த வெள்ளைக் கார், பின்பக்கமாகவே ரோட்டுக்குள் வந்தது. ஹாரன் அடித்தேன். நிற்கவில்லை. பிரேக் பிடித்தேன். காரின் பின்பக்கம் இடித்து ஸ்கூட்டர் சாய்ந்தது, என் இடது முழங்கால் அதன் அடியில் போனது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கான், தலை சீவறதுக்கா என்று நான் ரோட்டில் கிடந்தபடியே கத்தினேனாம். பேக்கரி டீ மாஸ்டர் பின்னால் சொன்னார்.

காரிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நேற்றைய விபூதி. ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஏந்திரிக்காதீங்க அம்மணி, அப்படியே இருங்க. பாக்காம வந்துபோட்டனுங்க. ஊட்டு நெம்பர் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்."

அவர்தான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் பைக்கில் வந்து இறங்கி, என் காலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பெரியவரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

எங்கள் வீடுகளில் தெலுங்கு பேசுவோம். எழுதப் படிக்கத் தெரியாது, தெருவில் இறங்கினால் எல்லாரையும் போலக் கோயமுத்தூர்த் தமிழ்தான். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி ஊர், இரண்டாவது கேள்வி வீட்டுப்பேர், அதாவது வம்சத்துக்கே பொதுவான பேர். வீட்டுப்பேர் ஒன்றாக இருந்துவிட்டால் பங்காளி. அண்ணன் தம்பி முறை, பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. அதற்குமேல் அதற்கு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியையும் அது அடைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியவர் பதற்றத்தில் யாருக்கோ போன் செய்து தெலுங்கில் பேசினார். என் வீட்டுக்காரரின் குரல் அந்த இடத்திலேயே இறங்கியது.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"அவிநாசிப் பக்கமுங்க. நீங்க?"

ஊர் முடிந்து வீட்டுப்பேருக்கு வந்தார்கள். நான் ரோட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன், என் தலைக்கு மேலே முறை பார்க்கிறார்கள். வீட்டுப்பேர் ஒன்று. குலதெய்வம் ஒன்று. "அட, நம்ம பங்காளியாச்சுங்களே" என்று பெரியவர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என்னை இடித்த ஆள் இப்போது எனக்கு மூத்த மைத்துனர். எங்கள் முறைப்படி நான் அவரைப் பாவா என்று கூப்பிட வேண்டும்.

அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். விபத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படி ஆச்சுங்க?" என்றாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க டாக்டர். இவளேதான் உழுந்துட்டா."

நான் அவரைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினார். கதவோரம் பாவா தலைகுனிந்து நின்றார்.

"அப்படியாங்கம்மா?" டாக்டர் என்னைக் கேட்டாள்.

"ஆமாங்க."

வலியில் சொல்லிவிட்டேன், ஊசி போட்டால் போதும் என்றிருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். முழு உண்மை அதுவல்ல. கதவோரம் தலைகுனிந்து நின்ற மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்தக்காரர் முன்னால் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறேன் என்ற நினைப்பும் உள்ளுக்குள் கொஞ்சம் ஓடியது. நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். பெருந்தன்மைக்கு அவ்வளவு அவசரம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது, உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. எலும்புக்கு முதலில் பிளேட் வைத்தார்கள். அது கூடிய பிறகு ஜவ்வுக்குத் தனியாக இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நடக்கலாம், ஓட முடியாது என்றார் எலும்பு டாக்டர். முதல் ஆபரேஷனுக்குப் பாவாதான் கட்டினார். நாங்கள் கேட்கவில்லை, அவராகக் கட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும், மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

சித்திரை முழுக்க அவரும் அவர் சம்சாரமும் வாரம் ஒருதரம் வீட்டுக்கு வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், அன்னாசிப்பழம். வந்து உட்கார்ந்து என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, என் வீட்டுக்காரரோடு தொழில் பேசுவார்கள். பாவாவுக்கு மோட்டார் பம்ப் தயாரிக்கிற கம்பெனி இருந்தது. வைகாசியில் அங்கிருந்து பட்டறைக்கு, கூலிக்குக் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க் வர ஆரம்பித்தது. "நம்மாளுக்குக் குடுக்காம வேற யாருக்குங்க குடுக்கறது" என்றாராம். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பல வருடமாக நான் பார்க்காத வெளிச்சம்.

அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "ஏனுங்க, இன்னொரு ஆபரேஷன் இருக்குது. கார் மேல கேஸ் போட்டா என்னங்க?"

"பங்காளி மேலயா?" என்றார், நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கலாமா என்று கேட்டுவிட்ட மாதிரி.

"பங்காளி கார்தான என்ற காலை ஒடச்சுது."

"சும்மா இரு கண்ணு. அவரே பாத்துக்கறேன்னு சொல்றாரு. அப்படியே போட்டாலும் அதுக்கெல்லாம் கெடு கிடையாது, எப்ப வேணாலும் போட்டுக்கலாம்."

கெடு கிடையாது என்று அவருக்குச் சொன்னவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் லைசன்ஸ் எடுத்துக் கொடுக்கிற அவருடைய சிநேகிதர். அந்தச் சிநேகிதரின் மாமனார் பஸ்ஸில் அடிபட்டு மூன்று வருடம் கழித்து வழக்குப் போட்டு ஜெயித்தாராம். மாமனார் ஜெயித்தது எந்தக் காலம், அதற்கப்புறம் சட்டம் மாறியதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் விளையாட்டு விதி ஒவ்வொரு வருடமும் மாறும், புதுப் புத்தகத்தைப் பார் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், என் காரியத்தில் யாரோ ஒருவரின் மாமனாரை நம்பினேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. கைத்தடியோடு போனேன். என்னை லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். லீவு போட்ட டீச்சர்களின் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். மைதானத்துக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள், வந்து வந்து சந்தேகம் கேட்டாள். அவள் விசில் சத்தம் லைப்ரரி ஜன்னல் வழியாக வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊதத் தெரியவில்லை. தப்பாட்டத்துக்கு ஒரு ஊது, ஆட்டம் நிற்க ஒரு ஊது என்று வித்தியாசம் வேண்டாமா?

ஒருநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க நம்ம ஸ்கூலுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க டீச்சர். இந்த வருசக் கடைசிக்குள்ள கிரவுண்டுக்கு வந்துருவீங்கதானுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு இருந்தாலும் சேதி தெளிவு. வருடக் கடைசிக்குள் நான் ஓட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் நிரந்தரம்.

ஜவ்வு ஆபரேஷனுக்கு எங்களிடம் பணம் இல்லை. என் நகையை அடகு வைக்கலாம். ஆனால் எதை நம்பி வைப்பது? வழக்கு என்று ஒன்று கோர்ட்டில் நின்றால், என்றைக்காவது நஷ்டஈடு வரும், மீட்டுவிடலாம் என்று துணிந்து வைக்கலாம். வழக்கே இல்லாமல் வைத்தால் நகையும் போய், வேலையும் போனால் என் கதி? இதை வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பாவாவின் காதில் மெல்லப் போட்டார். "பாத்துக்கலாமுங்க தம்பி, எங்க போயிரப்போறோம்" என்றார் பாவா. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனியில் எலும்பு டாக்டர், ஊனம் எத்தனை சதவீதம் என்று சர்ட்டிபிகேட் தர இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். சர்ட்டிபிகேட் வேறு, வழக்குப் போடுவது வேறு என்று அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையுமில்லை. என் வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. "டாக்டரே சொல்லிட்டாரு பாரு" என்றார். வேறு எந்த விஷயத்தில் டாக்டர் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார்? சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி நான்கு வருடமாகிறது.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? வழக்குப் போடுவது ஒரு சுபகாரியமா என்று கேட்டேன். "சுபமோ அசுபமோ, ஜெயிக்கணுமல்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பாகிவிட்டது, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஆடி கழியட்டும் என்று ஒரு மாதம் போனது.

ஆவணி பிறந்த முதல் வாரம் பாவாவும் அவர் சம்சாரமும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தார்கள். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஆவணி கடைசி முகூர்த்தம், அவிநாசி ரோட்டில் மண்டபம். பங்காளி வீடு என்பதால் முதல் பத்திரிகை எங்களுக்காம். பத்திரிகையில் என் வீட்டுக்காரர் பெயரை அச்சில் போட்டிருந்தார்கள். அதை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் அவராகவே சொன்னார். "கல்யாணம் முடியட்டும் அம்மணி. பொண்ணுக் கல்யாணத்துக்கு முன்னால அந்த மனுசன ஸ்டேசனுக்கு இழுத்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது. அது எனக்கும் தெரிந்தது. என் தொல்லையே அதுதான், அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணமும் கேட்கும்போது நியாயமாகவே இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா லைப்ரரிக்கு வந்தார். அவர் வக்கீல் என்று எனக்குத் தெரியும், ஆனால் பேசியதில்லை. கைத்தடியைப் பார்த்து விசாரித்தார். நாய்க் கதையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஐந்து மாதமாக எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ வரவில்லை. கார், பேக்கரி, பங்காளி எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் பாதிக் கதையிலேயே நிறுத்தினார். "என்னிக்குங்க ஆச்சு இது?"

சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார்.

"மேடம், இப்பெல்லாம் விபத்து நடந்த நாள்லிருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணுமுங்க. முன்னால அப்படி இல்லீங்க, சட்டம் மாறிப் போச்சு. அத எதிர்த்து மேல கோர்ட்ல பேசிட்டிருக்காங்க, ஆனா அத நம்பி நீங்க உக்கார முடியாது. உங்களுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குதுங்க."

அவர் மேலே சொன்னதுதான் இன்னும் கொடுமை. "நஷ்டஈடு கட்டப் போறது உங்க பாவா இல்லீங்க, காரோட இன்சூரன்ஸ் கம்பெனி. அவரு மேல ஒரு போலீஸ் கேஸ் வரும், பெரும்பாலும் ஃபைனோட போயிரும். நீங்க யாருக்காகங்க இத்தன நாள் பொறுத்தீங்க?"

அப்படியானால் ஐந்து மாதமாக நாங்கள் பங்காளிக்குக் காட்டிய மரியாதை முழுக்க, முகம் தெரியாத ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாவாவுக்கும் அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறோம், அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ்காரர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பேப்பர், அவ்வளவுதான்.

அன்று மாலை பட்டறைக்கே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருக்கும் முகம் வெளிறியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"கல்யாணம் முடிஞ்சும் பத்து நாள் இருக்குதல்ல?"

என்ன செய்வது? கத்தினேன். லேத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, சரி, இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, இன்னும் பத்து நாள்தானே என்று நானே ஒத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

கல்யாணத்துக்குப் போனோம். பட்டுப்புடவை கட்டி, கைத்தடி பிடித்து, மண்டபப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினேன். பாவா ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். உண்மையான பாசம்தான் அது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். பெரியப்பா என் காலைப் பார்த்து, "அடடா, என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பாவா சொன்னார்.

"அத ஏனுங்க கேக்கறீங்க. காலங்காத்தால ஸ்கூட்டர்ல போயிருக்காங்க, நாய் குறுக்க வந்துருச்சு. நல்ல வேளைங்க, நான் அந்தப் பக்கம் டீ குடிச்சுட்டு இருந்தேன். நான்தான் தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்."

அவர் குரலில் துளி கள்ளம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தரை மாதமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது நடந்ததாகவே ஆகிவிட்டது. காரைப் பின்னால் எடுத்தது மறந்துவிட்டது, என்னைத் தூக்கிப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா கைகூப்பி, "நீங்க தெய்வம் மாதிரிங்க" என்றார் பாவாவைப் பார்த்து.

நான் சிரித்தேன். வேறு எதற்காக என்னை மன்னித்தாலும் அந்தச் சிரிப்புக்காக மன்னிக்க மாட்டேன். அதற்கப்புறம் போட்ட பந்தியில் ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வக்கீலின் ஆபீசுக்குப் போனேன். முதலில் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டும், அதன் ரசீதோடு மனு போடலாம் என்றார். ஆனால் சிக்கல் நான் கையெழுத்துப் போட்ட அந்த விபத்துப் பதிவேட்டில் இருந்தது. நாய் என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டும். பேக்கரி கேமராவில் ஒரு மாதத்துக்கு மேல் படம் நிற்காது, அழிந்துவிட்டது. கார் இடித்ததை டீ மாஸ்டர் பார்த்தார், ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பதிவேட்டில் பொய் எப்படி ஏறியது என்று சொல்ல ஒரே ஆள்தான் உண்டு.

"நாய்னு முதல்ல சொன்னது உங்க வீட்டுக்காரர்தானுங்க? அவரு வந்து, நான்தான் அப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன்னு ஸ்டேட்மென்ட் குடுக்கணும். அது இல்லாட்டி மனுவுல உசிரு இருக்காதுங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்வதே இல்லை. செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றார். அப்புறம் பட்டறையில் அவசர ஆர்டர் என்றார், யாருடைய ஆர்டர் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் புரட்டாசி பிறந்து முதல் சனிக்கிழமை வந்தது, எங்கள் வீடுகளில் பெருமாளுக்கு விரதம் இருந்து தளிகை போடுகிற நாள். அன்றைக்குப் போய் போலீஸ் ஸ்டேஷனா? ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பேச்சையே எடுக்காமல் டி.வி. பார்த்தார். என் கெடு வியாழக்கிழமையோடு முடிகிறது.

திங்கட்கிழமை காலை ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனேன். எழுதி எடுத்துப்போன புகாரை எஸ்.ஐ. இரண்டு தரம் படித்தார்.

"ஆறு மாசமா என்னம்மா பண்ணீங்க?"

நல்ல கேள்வி. பங்காளி, ஜாப் ஒர்க், ஆனி, ஆடி, ஆவணி என்று அவரிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் என்னையே பிடித்து உள்ளே வைப்பார் என்று தோன்றியது. "தப்புப் பண்ணிட்டனுங்க சார்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

வெளியே வந்து, வேப்பமரத்தடியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போன் செய்தேன். எடுத்தார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம்.

"ஸ்டேசன்ல இருக்கறேன். நீங்க வந்தா வாங்க. வராட்டி, நீங்க வரலைன்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன். அதுக்கப்புறம் இத பத்தி நம்ம ஊட்டுல யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. என்ற கால் எப்படி ஆச்சுன்னு யாரு கேட்டாலும் எங்க ஊட்டுக்காரர்தான் ஒடச்சாருன்னு சொல்லுவேன்."

அந்தப் பக்கம் லேத் சத்தம் நின்றது. நான் வைத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஆயில் கறை, சட்டை மாற்றவில்லை. என்னைப் பார்க்காமல் நேராக எஸ்.ஐ. மேஜைக்கு முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ரைட்டர் பேப்பரை எடுத்ததும், கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். கார் ரிவர்ஸில் வந்தது, வீட்டுப்பேர் கேட்டது, ஆஸ்பத்திரியில் நாய் என்று சொன்னது, என்னைச் சொல்ல வைத்தது. யாரும் கேட்காமலே, கல்யாணத்தைக் காட்டி நாளைக் கடத்தியதையும் ஜாப் ஒர்க் வந்ததையும்கூடச் சொன்னார். கடைசியில் குரல் உடைந்தது.

"எல்லாந் தப்பும் என்மேலங்க சார். அவ காலு இப்படி ஆனதுக்கு நான்தானுங்க காரணம். அவகிட்ட நான் என்னன்னு மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியலீங்க."

எஸ்.ஐ. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. ஆறு மாதமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறார், மாத்திரை எடுத்துத் தருகிறார், என்னிடம் சொல்ல வராத அந்த வார்த்தையை முன்பின் தெரியாத ஒரு எஸ்.ஐ.யிடம் போய்ச் சொல்கிறார்.

ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அவர் பைக் சாவியைத் தேடினார். நான் நின்றேன்.

"உள்ள சொன்னத எங்கிட்ட ஒருக்கா சொல்லுங்க."

ரோட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். ஆயில் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டுப் போலாமா?" என்றார்.

மறுநாள் மனு தாக்கலானது, கெடுவுக்கு இரண்டு நாள் மீதி. தீர்ப்பு வர இரண்டு வருடமாவது ஆகும் என்கிறார் வக்கீல், பதிவேட்டைக் காட்டிக் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பாவா போன் செய்வதில்லை, ஜாப் ஒர்க் நின்றுவிட்டது. நகையை வைத்தாயிற்று, ஆபரேஷனுக்கும் தேதி வாங்கியாயிற்று. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க அவர் பட்டறைக்கு ஒரு வாரம் லீவு விட்டிருக்கிறார். ஸ்டேஷனில் சொன்னதை மட்டும் என்னிடம் இன்னும் சொல்லவில்லை.